சரளைப் பாதையைத் தேடி வருவோர்க்கு

பெங்களூரிலிருந்தும் ஓசூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் வார இறுதி நாட்களில் எங்கள் தருமபுரி மலைகளுக்குச் சைக்கிளில் வந்து போகும் அன்பர்களுக்கு, இந்த மாவட்டத்திலேயே பிறந்து, இதன் மண்சாலைகளில் சைக்கிள் பழகி, அந்நாளில் விழுந்தெழுந்த தழும்பை இன்றும் முழங்காலில் தாங்கியிருக்கும் ஒருவன் வணக்கத்தோடு எழுதிக்கொள்வது.

உங்களைக் காணும்போதெல்லாம் எனக்கு உண்டாகும் சந்தோஷத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தேசிய நெடுஞ்சாலையில் புழுதியையும் புகையையும் எங்கள்மேல் இறைத்துவிட்டு நிற்காமல் போகிறவர்களையே பெரும்பாலும் பார்த்துப் பழகிய எங்கள் கிராமாந்தரங்களுக்கு, ஓசையின்றி வந்து, வேலியோரம் இறங்கி, ஊரின் பெயர் கேட்டு, ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்து, குடித்த சொம்பைத் திண்ணையிலே கவிழ்த்து வைத்துவிட்டுப் போகும் பிரயாணிகள் வாய்த்திருப்பதை ஒரு பாக்கியமென்றே நான் கருதுகிறேன். எனவே இம்மடலில் பின்னால் வரும் ஆட்சேபம், உங்கள் வரவின்மேல் வெறுப்புக் கொண்டவன் சொல்வதன்று. நீங்கள் தொடர்ந்து வரவேண்டும் என்று விரும்புகிறவன் சொல்வது.

நீங்கள் ஓட்டும் இவ்வகைச் சைக்கிளைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் உங்களுள் சிலர் தேநீர்க் கடை வாசலில் பொறுமையாக எடுத்துச் சொன்னதுதான். பந்தயச் சைக்கிளைப் போல் வளைந்த கைப்பிடி. ஆனால் டயரோ நாற்பது மில்லிமீட்டரும் அதற்கு மேலும் அகன்றது. கல்லும் குழியுமான பாதையில் சக்கரம் துள்ளாமல் பதிந்து ஓடும்பொருட்டு அதில் காற்றைக் குறைத்தே வைத்திருக்கிறீர்கள். நெருஞ்சி முள் ஏறினால் ஓட்டையைத் தானே அடைத்துக்கொள்ளும் ஒருவகைப் பாலும் உள்ளே ஊற்றப்பட்டிருக்கிறது. இதற்குக் 'கிராவல்' சைக்கிள் என்று பெயர் என்றபோது அந்தச் சொல் எனக்கு அந்நியமாகப் படவில்லை. எங்கள் ஊர் லாரிக்காரரும் மேஸ்திரியும் மேட்டிலிருந்து அள்ளிவந்து வீட்டு மனையை நிரப்புகிற சரளை மண்ணுக்கு நெடுங்காலமாகக் 'கிராவல்' என்பதே வழக்கு.

அன்று உங்களுள் ஒருவர் சொன்ன இத்தாலிய விருத்தாந்தம் என் மனத்தில் ஆழப் பதிந்தது. தஸ்கனிப் பிரதேசத்தின் கியாந்தி மலைகளில், திராட்சைத் தோட்டங்களுக்கும் ஒலிவ மரங்களுக்கும் இடையே ஏறியும் இறங்கியும் செல்லும் வெண்ணிறச் சரளைப் பாதைகள் ஒவ்வொன்றாகத் தார் பூசப்பட்டு மறைந்துவந்த காலத்தில், அவற்றைக் காக்க வேண்டுமென்ற நோக்கத்தோடு ஜான்கார்லோ புரோச்சி என்பவர் 1997-ஆம் ஆண்டு கையோலே என்னும் சிற்றூரிலே 92 பேரைப் பழங்காலச் சைக்கிள்களோடு திரட்டி 'எரோயிக்கா' என்னும் சவாரியை நடத்தினார் என்பதும், அதன் வழியே பிறந்து 2007 முதல் சியெனா நகரச் சதுக்கத்தில் முடியும் பெரும் பந்தயமொன்று அந்த வெண்பாதைகளை உலகறியச் செய்தது என்பதும், மண்ணையும் கல்லையும் நேசிக்கிற எவருக்கும் உவகை தரக்கூடிய செய்திகளே. நந்திமலை அடிவாரத்து நீலத் திராட்சைப் பந்தல்களுக்கிடையே நீங்கள் சைக்கிள் ஓட்டுவதும், தேனி மாவட்டத்தில் 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர்த் திராட்சை விளையும் கம்பம் பள்ளத்தாக்கு வரையில் சென்று வருவதும் அந்தக் கியாந்திக் கனவின் தொடர்ச்சியென்று எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் மாவட்டத்தில் அத்தகைய பந்தல்வரிசை இல்லை. பாலக்கோட்டிலும் காரிமங்கலத்திலும் மாந்தோப்பு உண்டு. வெட்டவெளியில் தனித்து நிற்கும் புளியமரங்கள் உண்டு. பட்டுக்கூட்டுச் சந்தைக்காக வளரும் மல்பெரித் தோட்டம் உண்டு. வத்தல்மலைக்கு மேலே ஏறினால் சில்வர் ஓக் மரநிழலில் காப்பிச் செடியும், அம்மரத்தையே தழுவி ஏறும் மிளகுக்கொடியும், அவற்றுக்கப்பால் சாமைக் கொல்லையும் கடுகுக் கொல்லையும் உண்டு. திராட்சை இல்லாத குறையை நீங்கள் உணரமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

அந்த வத்தல்மலையில் நேர்ந்த ஒரு சம்பாஷணைதான் இம்மடலை எழுதத் தூண்டியது.

கார்த்திகை மாதத்துக் காலைப்பொழுது. மழை பெய்து ஓய்ந்திருந்தது. இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மூச்சு வாங்க மேலே வந்து சேர்ந்த உங்கள் குழுவினர் நால்வர், கடை முன் போட்டிருந்த கல்பலகையில் அமர்ந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தனர். நானும் அங்கேதான் இருந்தேன். அவர்களுள் வயதில் இளையவராக இருந்தவர், மலையெங்கும் கண்ணைச் செலுத்திவிட்டு, உள்ளபடியே வருந்திய குரலில், "இந்த ரோட்டுக்குத் தார் போடாமலே விட்டிருக்கலாம், பழைய மண்பாதையாகவே இருந்திருந்தால் எவ்வளவு அழகாக இருந்திருக்கும்!" என்றார். கடையின் மறுபுறத்தில், காயவைத்த காப்பிக் கொட்டையை முறத்தில் அள்ளிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் கையை நிறுத்தாமலே தலை நிமிர்ந்தார்.

"ரோடு வந்தப்பறந்தான் கண்ணு எங்க பொண்ணுங்க ஆஸ்பத்திரியில புள்ள பெக்குறாங்க. அதுக்கு முந்தி தூளி கட்டித்தான் தூக்கிட்டு எறங்குவோம். எறங்குறதுக்குள்ள முடிஞ்சி போனதும் உண்டு."

அவ்வளவே. கோபம் இல்லை, குறை சொல்லும் தொனி இல்லை, சொல்லி முடித்ததும் மறுபடி முறத்தின்மேல் குனிந்துகொண்டார். அந்த இளைஞர் எழுந்துபோய் அம்மூதாட்டியின் அருகே குந்தி உட்கார்ந்து, முறத்திலிருந்த கொட்டையில் தாமும் கல் பொறுக்கத் தொடங்கியதைப் பார்த்தேன். அவர் குணத்தைப் பற்றி எனக்கு ஐயம் ஏதுமில்லை. ஆயினும் அவர் வாயிலிருந்து வந்த அபிப்பிராயம் அவர் ஒருவருடையது மட்டுமன்று என்பதையும், சரளைப் பாதையை நாடிவரும் உங்களுள் பலருடைய உள்ளத்தில் அது சொல்லப்படாமல் தங்கியிருக்கிறது என்பதையும் நான் அறிவேன். அதனால்தான் உங்கள் அனைவர்க்குமாகச் சேர்த்து எழுதுகிறேன்.

கியாந்தி மலையில் காக்கப்பட்டது எது என்பதைச் சற்று ஆராய வேண்டும். அங்கே பாதைக்குத் தார் இல்லையே தவிர, வாகனம் போவதற்குத் தடையில்லை. வெண்சரளை பரப்பிச் செம்மையாகப் பேணப்படும் அப்பாதையில் திராட்சை ஏற்றிய வண்டியும் போகும், நோயாளியை ஏற்றிய வண்டியும் போகும். எங்கள் மலைகளில் 'பழைய மண்பாதை' என்று நீங்கள் அழைப்பதோ, மனிதனின் பாதமும் கழுதையின் குளம்பும் மட்டுமே அறிந்த ஒற்றையடித் தடம். மழைக்காலத்தில் அதுவே ஓடையாகவும் மாறிவிடும். பென்னாகரத்தைச் சேர்ந்த கோட்டூர் மலைக்குத் தேர்தலுக்குத் தேர்தல் வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதைகளின் முதுகில் ஏற்றிக் கொண்டுபோகப்படுவதைப் பத்திரிகைகளில் படமாகப் பார்த்திருப்பீர்கள். 2024-ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலின்போதும் அப்படித்தான் நடந்தது. படத்தைப் பார்த்து வியந்தவர்கள் அநேகர். வாக்குப்பெட்டி ஏறிச்சென்ற அதே தடத்தின் வழியாகத்தான் பாம்பு கடித்த குழந்தையும் பிரசவ வேதனையிலிருக்கும் பெண்ணும் கீழே இறங்கியாக வேண்டும் என்பதை எண்ணியவர்கள் எத்தனை பேரோ!

ஆகவே என் துணிபு இது: ஓர் ஊருக்கு வேறு நல்ல வழி இருந்து, அதற்கு மேலும் ஒரு சரளைப் பாதை இருக்குமானால், அதைத் தார் பூசாமல் காப்பாற்ற நீங்கள் போராடலாம், நானும் உங்களோடு நிற்பேன். ஆனால் ஓர் ஊருக்கு உள்ள ஒரே பாதை அதுவாக இருக்குமானால், அதன் அழகைப் பற்றிப் பேசும் அதிகாரம் அவ்வூராரைத் தவிர வேறொருவர்க்கும் கிடையாது.

தாரிட்ட சாலையிலும் இம்மக்களின் வாழ்வு எவ்வளவு கலந்திருக்கிறது என்பதை நீங்களே பார்த்திருக்கக்கூடும். தை மாசி மாதங்களில் கொள்ளுச் செடியைப் பிடுங்கிவந்து சாலையிலே பரப்பிவிடுவார்கள். மேலே ஓடும் வண்டிச் சக்கரமே போரடித்துக் கொடுத்துவிடும். லாரிக்கும் பேருந்துக்கும் அது சௌகரியம். உங்கள் சைக்கிளுக்கோ அந்தக் கொடி கியரில் சுற்றிக்கொண்டு பெருந்தொல்லை. அவ்விடத்தில் இறங்கி, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓரமாக நடந்துபோன உங்கள் தோழி ஒருவரை, கேத்துரெட்டிப்பட்டியில் இருக்கும் என் உறவினர் வீட்டார் இன்றும் அன்போடு நினைவுகூர்கிறார்கள்.

நல்லது, அப்படியானால் நாங்கள் எங்கேதான் ஓட்டுவது என்று நீங்கள் கேட்கலாம். தார் பூச வேண்டுமென்று எவரும் கேளாத பாதைகள் இம்மாவட்டத்தில் ஏராளம். ஏரிக்கரைகள் இருக்கின்றன. தோப்புக்கும் தோப்புக்கும் இடையே மாட்டு வண்டி போன தடங்கள் இருக்கின்றன. பாப்பாரப்பட்டிப் பக்கம் அப்படியொரு தடத்தில் நான் பலமுறை போயிருக்கிறேன். இரண்டு பக்கமும் சக்கரம் தேய்த்த பள்ளம். நடுவே அறுகம்புல் முளைத்த திட்டு. பள்ளத்திலே செம்மண், செம்மண்ணிலே வெங்கச்சங்கல் சிதறல். மழை விட்ட மறுநாள் அந்த வெள்ளைக் கற்கள் கழுவிவைத்தாற்போல் மின்னும். சக்கரம் ஈரமண்ணில் ஓடும்போது ஒருவித மௌனம். கல்லின்மேல் ஏறியதும் பொரி வறுபடுவதுபோல் ஓர் ஓசை. காய்ந்த மாஞ்சருகின்மேல் வேறோர் ஓசை. கண்ணை மூடிக்கொண்டாலும் எந்த இடத்தில் இருக்கிறோமென்று காதாலேயே சொல்லிவிடலாம். இறக்கத்தில் முன்பிரேக்கை அழுத்திப் பிடித்தீர்களானால் சரளை உருண்டு முன்சக்கரம் வழுக்கிவிடும். உடலைப் பின்னுக்குத் தள்ளி, கையைத் தளர்த்தி, சைக்கிளை அதன் போக்கிலே சிறிது விட்டுக்கொடுத்து இறங்க வேண்டும் என்பதை எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை. அந்தப் பாதையே கற்றுத் தந்தது.

ஏரிக்கரையோரம் சாய்ந்து கிடக்கும் பலகைக்கல் எதையேனும் கண்டால் தயவுசெய்து இறங்கிப் பாருங்கள். அதில் வில்லேந்திய ஒருவன் நின்றால், அது நடுகல். பகைவர் கவர்ந்துசென்ற ஆநிரையை மீட்கப் போராடி மாண்ட வீரனுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்னே ஊரார் எடுத்த கல். வட்டெழுத்து தேய்ந்து போயிருக்கலாம். ஆயினும் தகடூர் என்னும் பழம்பெயர் கொண்ட எங்கள் தருமபுரி நாட்டில் சாதாரணக் குடியானவனுக்கும் ஊரார் கல் நட்டுப் பெயர் பொறித்தார்கள் என்பதற்கு அது சாட்சி. அதன்மேல் சைக்கிளைச் சாய்த்துவைத்துப் படம் எடுக்காதீர்கள். இதைச் சொல்ல நேர்ந்ததற்கு வருந்துகிறேன். ஆனால் கண்ணால் கண்டதனாலேயே சொல்கிறேன்.

பாப்பாரப்பட்டிக்குப் போகிறவர்கள் சுப்பிரமணிய சிவாவின் நினைவிடத்துக்கும் ஒருநடை போய்வாருங்கள். சிறைவாசம் தந்த தொழுநோயோடு வெளியே வந்த அவரை ரயிலில் ஏறக்கூடாதென்று அன்றைய அரசாங்கம் தடுத்தபோது, புண்பட்ட கால்களோடு ஊர் ஊராக நடந்தே சென்று சுதந்திரப் பிரசாரம் செய்த மகான் அவர். 1925-ஆம் ஆண்டு ஜூலை 23-ஆம் நாள் அவ்வூரிலேயே காலமானார். பாதை என்பது சிலருக்கு எவ்வளவு வேதனையோடு கடக்கவேண்டியதாக இருந்தது என்பதை, நல்ல உடலும் நல்ல சைக்கிளும் வாய்த்த நாம் அங்கே ஐந்து நிமிஷம் நின்று நினைப்பது தகும்.

காடுகளைப் பற்றி ஒரு சொல். பாலக்கோடு, பென்னாகரம், ஒகேனக்கல் பக்கத்துக் காடுகளில் யானைகள் நடமாடுகின்றன. 2014-இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் அப்பகுதியில்தான் இருக்கிறது. அந்தி சாய்ந்தபின் அங்கே ஓட்டவேண்டாமென்று சொல்வது என் கடமை. ஆனால் நான் சொல்ல நினைப்பது வேறொன்று. அரூரிலிருந்து சித்தேரி மலைக்குப் போகும் உங்களுக்கு அம்மலையின் அடிவாரத்திலுள்ள வாச்சாத்தி என்னும் ஊரைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். 1992-ஆம் ஆண்டு ஜூன் 20-ஆம் நாள், சந்தன மரத்தைத் தேடுவதாகச் சொல்லிக்கொண்டு வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் அவ்வூரில் புகுந்து, மக்களை ஆலமரத்தடியில் திரட்டி அடித்து, பெண்கள் பதினெண்மரைப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கி, வீடுகளைச் சூறையாடினார்கள். பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 2011 செப்டம்பர் 29-ஆம் நாள், குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகளே என்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குள் அவர்களுள் 54 பேர் இறந்துபோயிருந்தனர். 2023-இல் சென்னை உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்தது. காட்டின் பேரால் இவ்வளவு துன்பம் அனுபவித்த ஜனங்களின் கண்முன்னே, வெளியூரிலிருந்து வந்த நாம் அனுமதி கேளாமல் காட்டுத் தடங்களில் சைக்கிளை ஓட்டிச் செல்வதும், நம்மை எவரும் தடுக்காமல் விடுவதும் எவ்வளவு பெரிய அநீதியாக அவர்களுக்குத் தோன்றும் என்பதை எண்ணிப் பாருங்கள். வனத்துறையின் அனுமதியோடு போங்கள். ஊராரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள்.

இந்தப் பாதைகளில் உங்களுக்கு முன்னமே சைக்கிள் ஓட்டியவர்களையும் நினைவூட்ட வேண்டும். காலை எட்டு மணிக்கு அடிவாரத்துச் சாலையில் நின்று பார்த்தால், அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த சைக்கிளில், கியர் ஒன்றும் இல்லாமல், பின்னால் தங்கையையும் முன்கூடையில் புத்தகப்பையையும் வைத்துக்கொண்டு, சரளை மேட்டில் எழுந்து நின்று மிதித்து ஏறும் பதினொன்றாம் வகுப்புப் பெண்ணைக் காண்பீர்கள். அவளைக் கடந்து போகும்போது மணியடித்து வணக்கம் சொல்லுங்கள். உங்களிடம் பங்க்ச்சர் ஒட்டும் சாமான் இருந்து அவள் சக்கரத்தில் காற்று இல்லாமலிருந்தால் என்ன செய்ய வேண்டுமென்று நான் சொல்லவேண்டியதில்லை.

இனி நான் உங்களிடம் கேட்க வந்த உதவி. உங்கள் கைப்பிடியில் பொருத்தியிருக்கும் சிறு கருவி, நீங்கள் போன பாதையின் நீளத்தையும் ஏற்றத்தையும் வளைவுகளையும் மீட்டர் கணக்கில் பதிந்து வைக்கிறது என்று காட்டினீர்கள். உங்களுக்கு அது ஒரு நினைவுக் குறிப்பு. எங்கள் மலைவாசிகளுக்கோ அது ஒரு பிரமாணமாகலாம். அது எவ்வாறென்று சொல்கிறேன். மலைக்குக்கிராமங்களுக்குச் சாலை கேட்டு மனுக் கொடுக்கும்போதெல்லாம், பாதை காட்டின் வழியே போகிறது என்பதே பெரும்பாலும் முட்டுக்கட்டையாக வந்து நிற்கிறது. ஆனால் 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, கிராமசபை பரிந்துரைத்தால், சாலை, பள்ளி, மருந்தகம் முதலிய பொதுக் காரியங்களுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேற்படாமல் வெட்டும் வரம்போடு, ஒதுக்க இடமளிக்கிறது. மூன்று மீட்டர் அகலமுள்ள சாலைக்கு ஒரு ஹெக்டேர் என்பது ஏறக்குறைய 3,300 மீட்டர் நீளம். ஊரிலிருந்து கடைசித் தார்ச்சாலை வரையில் காட்டுக்குள் போகும் பகுதி சரியாக எத்தனை மீட்டர் என்று அளந்து சொல்ல எங்கள் ஜனங்களிடம் கருவி இல்லை. 'ரெண்டு மைல் இருக்கும்' என்றுதான் மனுவில் எழுதுகிறார்கள்.

ஆதலால், அடுத்த முறை மலையேறும்போது, அங்கே ஊர்ப்பெரியவர் யாரேனும் அழைத்தால், சைக்கிளை அடிவாரத்தில் நிறுத்திவிட்டு, அந்தக் கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு, அவர்களோடு அந்த ஒற்றையடிப் பாதையில் நடந்து வாருங்கள். அளந்ததைத் தாளில் அச்சிட்டு, தேதியிட்டு, உங்கள் பெயரும் ஊரும் எழுதி, கிராமசபைத் தீர்மானத்தோடு சேர்க்கும்படி அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். தருமபுரி கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர்க்கும் நாள் திங்கட்கிழமை தோறும் நடக்கிறது.